ஸ்ட்ரிப்பில் ரெண்டு கோடு, லேபில் 22 பிபிபி: மல்லாட்டை லோடு திரும்பி வந்துவிட்டது

#1 மேல்மலைக்காரன்

வணக்கம். செஞ்சிப் பக்கம் ஒரு சின்ன உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் கொள்முதலைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் 125 மூட்டை மல்லாட்டைப் (நிலக்கடலை) பருப்பு, மூட்டைக்கு 80 கிலோ, ஆக 10 டன், மிட்டாய் போடுகிற ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். ஏற்றும் முன் அஃப்ளடாக்சின் என்கிற பூசண நச்சைப் பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கி ஷெட்டிலேயே பார்த்தோம். மூன்று ஸ்ட்ரிப், மூன்றிலும் ரெண்டு கோடு பளிச்சென்று விழுந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அவர்கள் லேபுக்கு அனுப்பியதில் 22 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் 22 பங்கு நச்சு. லோடு திரும்பிவிட்டது. போக வர லாரி வாடகை எங்கள் தலையில். டைரக்டர்கள் கூட்டத்தில் “ஸ்ட்ரிப் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான், நீயும் நம்பிவிட்டாய்” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ட்ரிப் டுபாக்கூரா, லேப் டுபாக்கூரா? வேறு எந்தக் கிட் நம்பிக்கையாக இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 துறுதுறு

ரெண்டு கோடு வந்தால் கெட்டது என்றுதானே அர்த்தம் அண்ணா? கொரோனா கிட்டில் ரெண்டு கோடு வந்துதான் எங்கள் வீட்டில் எல்லாரையும் பதினாலு நாள் பூட்டி வைத்தார்கள். ஸ்ட்ரிப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நீங்கள் மாற்றிப் படித்துவிட்டீர்களோ?

#3 மூட்டைக்கணக்கு

நாற்பது வருஷமாக மார்க்கெட் கமிட்டியில் பருப்பு வாங்குகிறேன். கையில் அள்ளி ஊதிப் பார்த்தால் தெரியும், நாலு பருப்பை உடைத்து வாயில் போட்டால் கசப்பு சொல்லிவிடும். இந்தப் பட்டை, லேப் எல்லாம் நேற்று வந்தவை.

#4 பிப்பெட் அக்கா

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருஷமாக இதே வேலை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

துறுதுறு, கொரோனா கிட்டில் பிடிக்க வேண்டியது பெரிய புரதம். அதை ஒரு எதிர்ப்புப்பொருள் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் பிடித்துக்கொள்ளலாம், அதனால் கிருமி இருந்தால் கோடு விழும். அஃப்ளடாக்சின் பி1 பொடிசு, மூலக்கூறு எடை 312தான். இரண்டு பேர் பிடிக்க அதில் இடம் கிடையாது. ஆகவே இங்கே போட்டி வைக்கிறார்கள். டி கோடு என்கிற சோதனைக் கோட்டின் மேல் ஏற்கெனவே நச்சை ஒட்டி வைத்திருப்பார்கள். சாம்பிளில் நச்சு இல்லையென்றால், தங்கத் துகள் கட்டிய எதிர்ப்புப்பொருள் சும்மா வந்து அந்தக் கோட்டில் உட்கார்ந்துவிடும், சிவப்புக் கோடு தெரியும். சாம்பிளில் நச்சு இருந்தால் அது முந்திக்கொண்டு எதிர்ப்புப்பொருளைப் பிடித்துவிடும், டி கோட்டில் உட்கார ஆள் இருக்காது. ஆக இங்கே ரெண்டு கோடு என்றால் நல்லது, ஒரே கோடு என்றால் கெட்டது. ஸ்ட்ரிப் வேலை செய்கிறதா என்று காட்டுகிற சி கோடே விழவில்லை என்றால் ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மேல்மலைக்காரன் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

ஐயா மூட்டைக்கணக்கு, கசக்கிற பருப்பை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். இது கல்லீரலைத் தாக்குகிற, புற்றுநோய் வரவைக்கிற நச்சு. பருப்பு பார்க்க நன்றாக இருந்து உள்ளே நச்சு இருப்பதும் உண்டு, பூசணம் கண்ணுக்குத் தெரிந்தும் நச்சு இல்லாமல் இருப்பதும் உண்டு.

தம்பி மேல்மலைக்காரன், கிட் பெயர் எனக்கு வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை மூட்டையில் கை வைத்தீர்கள்? எவ்வளவு அரைத்தீர்கள்? கிட் பெட்டியில் எத்தனை பிபிபி என்று போட்டிருந்தது?

#5 மேல்மலைக்காரன்

அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். கதவுப் பக்கம் இருந்த ரெண்டு மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. வீட்டு மிக்ஸியில் அரைத்தோம், எல்லாம் சேர்ந்து 100 கிராம் இருக்கும். அதிலிருந்து கிட்டோடு வந்த கரண்டி அளவுக்கு 10 கிராம். மூன்று ஸ்ட்ரிப்புக்கும் அதே சாறுதான். பெட்டியில் 20 பிபிபி என்று போட்டிருக்கிறது.

#6 பிப்பெட் அக்கா

பதில் இதிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிப் பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த பிடியில் நச்சு இல்லை, அவ்வளவுதான்.

கணக்குப் பார்ப்போம். ஒரு பருப்பு 0.4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 2,500 பருப்பு. உங்கள் 10 டன்னில் இரண்டரைக் கோடி பருப்பு. நச்சு இந்த இரண்டரைக் கோடியிலும் சமமாகப் பரவி இருக்காது. சாம்பாரில் உப்பு மாதிரி இல்லை இது, சோற்றில் கல் மாதிரி. பூசணம் பிடித்த சில பருப்பில் மட்டும் மலையளவு இருக்கும், பக்கத்துப் பருப்பில் சுத்தமாக இருக்காது. ஒரே பருப்பில் 10 லட்சம் பிபிபிக்கு மேல் அளந்ததே உண்டு.

அவ்வளவு வேண்டாம், கெட்ட பருப்பில் சராசரி ஒரு லட்சம் பிபிபி, 5,000 பருப்புக்கு ஒன்று கெட்டது என்று கொள்வோம். மொத்த லோடின் சராசரி 20 பிபிபி வருகிறது. இப்போது உங்கள் 100 கிராமில் இருந்தது 250 பருப்பு. அதில் ஒரு கெட்ட பருப்பாவது சிக்க நூற்றுக்கு ஐந்துதான் வாய்ப்பு. அதாவது இதே லோடை நூறு தடவை இப்படிப் பார்த்தால் 95 தடவை ரெண்டு கோடு விழும், ஸ்ட்ரிப் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. மீதி ஐந்து தடவை 400 பிபிபி என்று காட்டிப் பயமுறுத்தும். மூன்று ஸ்ட்ரிப் போட்டதிலும் பயன் இல்லை, ஒரே சாறை மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள்.

இதே லோடிலிருந்து எல்லா மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக 20 கிலோ எடுத்திருந்தால் 50,000 பருப்பு. சராசரியாகப் பத்து கெட்ட பருப்பு உள்ளே வந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் பெரிய கடலை லோடுக்கு நூறு இடத்தில் கை வைத்து 20 கிலோ சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான், அவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை.

அடுத்தது அந்த 20. அமெரிக்காவில் உணவுக்கான வரம்பு 20 பிபிபி, அதனால் நிறையக் கிட்டுகளை அந்த அளவுக்கே செய்து விற்கிறார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கடலைக்கு 15, அப்படியே சாப்பிடுவதற்கு 10. ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு எல்லா அஃப்ளடாக்சினும் சேர்ந்து 4, பி1 மட்டும் 2. உங்கள் சாம்பிள் நூற்றுக்கு நூறு சரியாக இருந்து 17 பிபிபி இருந்திருந்தாலும் அந்த ஸ்ட்ரிப் ரெண்டு கோடுதான் காட்டும். வாங்குபவர் எந்த வரம்பு போட்டிருக்கிறார் என்று பார்த்து, அதற்குக் கீழே பிடிக்கிற கிட் வாங்க வேண்டும்.

#7 துறுதுறு

அப்போ லேபின் 22 மட்டும் உண்மையா அக்கா? அவர்களும் ஒரு பிடிதானே எடுத்திருப்பார்கள்?

#8 பிப்பெட் அக்கா

நல்ல கேள்வி. லேபின் 22 என்பது லேபுக்கு வந்த பையின் 22. அந்தப் பை எப்படி நிரம்பியது என்று லேபுக்குத் தெரியாது. நச்சை அளக்கிற எங்கள் எச்பிஎல்சி மிஷின் பல லட்சம். அதற்கு வந்து சேருவது சில சமயம் கேரி பேக்கில் முடிச்சுப் போட்ட கால் கிலோ, மேலே பேனாவால் “கடலை, அவசரம்”. எத்தனை தசமம் போட்டுக் கொடுத்தாலும் அது அந்தக் கால் கிலோவின் கணக்குதான். அடுத்த ஒப்பந்தத்தில் வரம்பு மட்டும் எழுதாதீர்கள் தம்பி. எத்தனை மூட்டை, எவ்வளவு கிலோ, யார் முன்னிலையில் எடுப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

#9 மூட்டைக்கணக்கு

அம்மா சொன்ன கணக்கு புரிந்தது. சோற்றில் கல் என்றதும் விளங்கிவிட்டது. வாயில் போடுவதை இனி விட்டுவிடுகிறேன், வீட்டில் இதைப் படித்துக் காட்டியதற்கு வேறு திட்டு வாங்கியாயிற்று.

ஆனால் என் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, உங்கள் காயை உடைத்தது யார்? மிஷினில் காய்ந்த காயைப் போட்டால் பருப்பு ரெண்டாக உடையும், சில்லு அதிகம் விழும், விலை போய்விடும். அதனால் உடைப்பதற்கு முன் காய் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தோல் இளகும், பருப்பு முழுசாக வரும், எடையும் கொஞ்சம் ஏறும். தெளித்த அன்றே உலர்த்திவிட்டால் பரவாயில்லை. ஈரத்தோடு சாக்கில் பிடித்து, லாரி வரவில்லை என்று ரெண்டு நாள் ஷெட்டில் கிடந்தால் உள்ளே கை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பூசணம் அங்கேதான் குடி வரும். விவசாயி வெயிலில் நாலு நாள் காய வைத்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருகிற பதத்தில் கொடுத்திருப்பான். கெடுத்தது நடுவில் உள்ள நாங்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை.

#10 பிப்பெட் அக்கா

ஐயா, இதைச் சொன்னதற்குக் கும்பிடு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: காட்டிலேயே தொடங்குவதும் உண்டு. அறுவடைக்கு முந்தின மூன்று நாலு வாரம் மழை இல்லாமல் மண் காய்ந்து சூடேறினால், மண்ணுக்குள் இருக்கும்போதே காயில் பூசணம் புகுந்துவிடும். கோடையில் கடைசித் தண்ணீர் விடாத காட்டுக் காயையும், மண்வெட்டி பட்ட காயையும் தனியாக வைப்பது நல்லது.

#11 துறுதுறு

யூவி டார்ச் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அஃப்ளடாக்சின் நீலமாக ஒளிரும் என்று வீடியோவில் காட்டினார்கள். டார்ச் அடித்துப் பொறுக்கிவிட்டால் ஸ்ட்ரிப் செலவே இல்லையே?

#12 பிப்பெட் அக்கா

நச்சு ஒளிர்வது உண்மை. பி வகை நீலம், ஜி வகை பச்சை, பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பிரித்தெடுத்த நச்சை லேபில் பார்க்கும்போது. முழுப் பருப்பின் மேல் டார்ச் அடித்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேறு ஏதோ. மக்காச்சோளம், பருத்திக்கொட்டையில் பச்சை கலந்த மஞ்சள் ஒளி தெரியும், அது பூசணம் உண்டாக்கும் கோஜிக் அமிலத்திலிருந்து வருவது, “இங்கே பூசணம் இருந்திருக்கிறது, சோதித்துப் பார்” என்று சொல்லும், அவ்வளவே. கடலையில் அதையும் நம்ப முடியாது. டார்ச் கரண்ட் போனால் உதவும்.

#13 நாலு மாடு

திருவண்ணாமலைப் பக்கம். நான் கடலை விற்பவன் இல்லை, புண்ணாக்கு வாங்குபவன். இந்த இழையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. உங்களிடம் திரும்பி வந்த பருப்பெல்லாம் கடைசியில் எங்கே போகிறது? செக்குக்கு. செக்கிலிருந்து புண்ணாக்கு என் மாட்டுத் தொட்டிக்கு. எங்கள் சொசைட்டியில் ஒரு தடவை பாலில் எம்1 என்கிற அஃப்ளடாக்சின் இருக்கிறது என்று மூன்று பேர் பாலைத் திருப்பிவிட்டார்கள், அதில் நானும் ஒருவன். பால் சோதித்ததும் இதே மாதிரி ஸ்ட்ரிப்தான். அதுவும் இப்படி ஏமாற்றுமா அக்கா?

#14 பிப்பெட் அக்கா

ஏமாற்றாது, காரணம் அழகானது. பால் தண்ணி. மாடு முழுப் புண்ணாக்கையும் தின்று, அரைத்து, கலக்கிக் கொடுத்துவிடுகிறது. கேனில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கே மொண்டாலும் ஒரே பால். சாம்பிள் பிரச்சினையே இல்லை. அதே ஸ்ட்ரிப், அதே போட்டி முறை, பாலில் கெட்டிக்காரன், கடலையில் அசடு. வித்தியாசம் ஸ்ட்ரிப்பில் இல்லை.

மாடு தின்ற பி1-இல் சிறு பங்குதான், நூற்றில் ஒன்று முதல் ஆறு வரை, எம்1 ஆகப் பாலில் வரும். வரம்பும் அதற்கேற்பச் சின்னது, 0.5 பிபிபி. 2018-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துப் பார்த்தபோது 368-இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் சிக்கியது தமிழ்நாடு, 551-இல் 88. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி நாம் போடும் சத்தத்தில் கால்வாசி இதற்குப் போட்டதில்லை. புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் தெளிந்துவிடும்.

இந்த நச்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே புண்ணாக்கால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழி செத்தது, காரணம் தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு.

#15 செக்கடி

மரச்செக்கு வைத்திருக்கிறேன். எண்ணெயில் எவ்வளவு போகும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார்கள். வறுத்துவிட்டால் போய்விடும் என்கிறார்களே?

#16 பிப்பெட் அக்கா

நச்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயோடும் போகும். பெரிய ஆலையில் காரம் போட்டுச் சுத்திகரிக்கும்போது எண்ணெயில் உள்ளது நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அந்தக் கட்டம் கிடையாது, ஆகவே உள்ளே போகிற பருப்பில்தான் உங்கள் காவல். வறுத்தால் கொஞ்சம் குறையும், ஒழியாது.

#17 எள்ளுக்காய்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எள்ளில் கிருமி கொல்லப் பிடிக்கிற எத்திலீன் ஆக்சைடு வாயு இருக்கிறதா என்று பார்க்க இப்படி ஸ்ட்ரிப் உண்டா? காய்கறிக்குப் பூச்சிமருந்து அட்டை என்று ஒன்று விற்கிறார்கள், அதை எள்ளில் போடலாமா?

#18 பிப்பெட் அக்கா

போடாதீர்கள். அந்த அட்டை ஒரு நொதியை வைத்து வேலை செய்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகள் அந்த நொதியை மடக்கும், நிறம் மாறாது, அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். பைரித்ராய்டும் நியோநிகோட்டினாய்டும் அதன் கண்ணில் படவே படாது. எத்திலீன் ஆக்சைடு இன்னொரு சங்கதி. 2020-இல் இந்திய எள்ளை பெல்ஜியத்தில் பிடித்ததிலிருந்து ஐரோப்பா கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் வரம்பை வைத்துத் துருவுகிறது. அதற்கு ஜிசி-எம்எஸ் என்கிற கருவி இருக்கிற லேபுக்குத்தான் போக வேண்டும். தனி இழை போடுங்கள், வருகிறேன்.

#19 மேல்மலைக்காரன்

அக்கா, டைரக்டர்களிடம் உங்கள் கணக்கைக் காட்டினேன். “சரி, இப்போ என்ன செய்யலாம்” என்கிறார்கள். 20 கிலோவை எப்படி அரைப்பது? மிக்ஸியில் ரெண்டு நிமிஷம் ஓட்டினாலே எண்ணெய் விட்டுக் களி ஆகிவிடுகிறது. மாவு மில்லில் கேட்டேன், கல் அடைத்துக்கொள்ளும் என்று துரத்திவிட்டார்.

#20 பிப்பெட் அக்கா

மாடு செய்ததை நீங்களும் செய்யுங்கள், தண்ணியாக்குங்கள். எடைக்கு எடை தண்ணீர் விட்டு கிரைண்டரில் கூழாக அரைத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதில் எங்கே மொண்டாலும் ஒன்றுதான்.

கிட்காரரிடம் கூழில் போடலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். மக்காச்சோளத்துக்கு மட்டும் சரிபார்த்த கிட்டாக இருந்தால் கடலை எண்ணெயில் தடுமாறும். அப்புறம் தண்ணீர்க் கணக்கு. உங்கள் கிட் 10 கிராம் பருப்புக்கு 70 சதவீத மெத்தனால் 50 மில்லி கேட்கிறது என்று வையுங்கள். அதாவது மெத்தனால் 35, தண்ணீர் 15. 20 கிராம் கூழ் எடுத்தால் அதிலேயே 10 கிராம் தண்ணீர் இருக்கிறது. ஆகவே மெத்தனால் 35 மில்லி, தண்ணீர் 5 மில்லி மட்டும் ஊற்றுங்கள். மெத்தனால் விஷம், கையுறை போடுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். அரைக்கும்போது தூசி பறந்தால் முகமூடியும்.

ஸ்ட்ரிப்பை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் உறையைப் பிரிக்காமல் அரை மணி வெளியே வைத்து, பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் வேர்த்து வீணாகும். தாளில் போட்டிருக்கிற நிமிஷத்தில் படியுங்கள். டீ குடித்துவிட்டு வந்து படித்தால் கோடு வேறு கதை சொல்லும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். மூட்டைகள் எந்த நாள் உடைத்தவை என்று பிரிக்க முடிந்தால் பிரித்துப் பாருங்கள்.

#21 மேல்மலைக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மூட்டையில் பெயிண்ட் நம்பர் இருந்ததால் பிரிக்க முடிந்தது. முதல் நாள் உடைத்தது 48, ரெண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 37. குத்தூசி வைத்து ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று குத்து, சுமார் 200 கிராம். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் பெரிய கிரைண்டரை வாடகைக்கு எடுத்தோம், சட்னிக்கு என்று நினைத்து “தேங்காய் எங்கே” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மிஷினைத் தர யோசித்தார். வெளுப்புத் தண்ணீர் விட்டு ரெண்டு தடவை கழுவித் தருகிறோம் என்று சத்தியம் செய்து வாங்கினோம்.

இந்தத் தடவை 10 பிபிபி கிட். முதல் நாள் குவியல் ரெண்டு கோடு. மூன்றாம் நாள் ரெண்டு கோடு, கொஞ்சம் வெளிறல். ரெண்டாம் நாள் குவியலுக்கு சி கோடு மட்டும். இன்னொரு சாறு எடுத்துப் போட்டோம், அதுவும் சி மட்டும். உடைத்துக் கொடுத்தவரிடம் போய் உட்கார்ந்தேன். மூட்டைக்கணக்கு ஐயா சொன்னது அப்படியே. அன்றைக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார், மறுநாள் கரண்ட் இல்லாமல் பாதிக் காய் ஈரத்தோடு கிடந்திருக்கிறது.

முதல், மூன்றாம் நாள் கூழைத் தனித்தனியாக லேபுக்கும் அனுப்பினேன். 2, 7 என்று வந்திருக்கிறது. அந்த 85 மூட்டையை மறுபடி எடுக்க மிட்டாய்க்காரர் பேசுகிறார், அவர் ஆளை வைத்துத் திரும்பச் சாம்பிள் எடுக்க ஒப்புக்கொண்டோம்.

#22 மூட்டைக்கணக்கு

மீதி 40 மூட்டை?

#23 மேல்மலைக்காரன்

அதுதான் ஐயா. பெண்களை வைத்துச் சுருங்கியது, நிறம் மங்கியது, தோல் உரிந்தது எல்லாம் பொறுக்கினோம், மூன்று மூட்டை கழிவு. திரும்பப் போட்டதில் டி கோடு நிழல் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். நேற்று ஒருவர் போன் செய்து 40-ஐயும் கழிவோடு சேர்த்து எண்ணெய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். விலை சொன்னார், வேறு எதுவும் கேட்கவில்லை. டைரக்டர்களில் பாதிப் பேர் தள்ளிவிடு என்கிறார்கள்.

#24 நாலு மாடு

அண்ணா, அந்தப் புண்ணாக்கு எந்த ஊருக்கு வரும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

#25 மேல்மலைக்காரன்

தரவில்லை. சாக்கில் சிவப்பு பெயிண்ட் அடித்துத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன், கழிவு மூன்று மூட்டையை எரிக்கப்போகிறோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கலர் சார்ட்டர் (நிறம் பார்த்துக் கெட்ட பருப்பைத் தள்ளுகிற மிஷின்) வைத்திருப்பவர்கள் யாராவது கூலிக்கு ஓட்டித் தருவார்களா? கழிவு போக மீதி 37 மூட்டைதான், ஆனால் முன்பும் பின்பும் சாம்பிள் எடுக்க விட வேண்டும்.